'டிரை', 'அட்டெம்ட்', 'என்டெவர்', 'ஸ்டிரைவ்': முயற்சியைச் சொல்ல எந்த ஆங்கில வினை?

ஆங்கிலத்தில் கடிதமோ விண்ணப்பமோ ஒப்பந்தமோ எழுத உட்காரும் தமிழருக்கு, 'முயற்சி செய்கிறேன்' என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. 'டிரை' என்று எழுதினால் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல இருக்குமோ என்று தயங்கி அகராதியைப் புரட்டினால், 'அட்டெம்ட்', 'என்டெவர்', 'ஸ்டிரைவ்', 'ஸ்டிரகிள்', 'சீக்' என்று பல சொற்கள் கிடைக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் எதிரே 'முயல்', 'முயற்சி செய்', 'பாடுபடு' என்ற அதே இரண்டு மூன்று பொருள்களே அச்சாகியிருக்கின்றன. அதனால் பலரும் இவற்றை ஓர் ஏணியாக எண்ணிக்கொள்கிறார்கள். கீழ்ப்படியில் 'டிரை', நடுவில் 'அட்டெம்ட்', உச்சியில் 'என்டெவர்'. எவ்வளவு உழைப்பைக் காட்ட வேண்டுமோ அவ்வளவு உயரத்தில் இருக்கும் சொல்லை எடுத்துப் போட்டால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

பிறர் எழுதிய ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பதிலும் ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவதிலும் நெடுநாள் கழித்தவன் என்ற முறையில், அந்தக் கணக்கு தவறு என்றே சொல்வேன். இந்த வினைகளுக்கிடையே உழைப்பின் அளவில் உள்ள வேறுபாடு சிறியது. காரியம் கைகூடாமல் போனால் யார் என்ன பொறுப்பு ஏற்பார்கள் என்பதைப் பற்றி ஒவ்வொரு சொல்லும் முன்கூட்டியே சொல்லிவைக்கும் செய்தியில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியதும் அதையே.

பெரும்பாலான இடங்களில் சரியான விடை 'டிரை' என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு முயல்வது என்ற பொருள் இல்லை. பொறுக்கிப் பிரித்தெடுப்பது என்பதே பொருள். அதிலிருந்து வழக்கை விசாரிப்பது, சோதித்துப் பார்ப்பது என்றெல்லாம் விரிந்து, அதன் பின்னரே இன்று நாம் அறிந்த பொருளுக்கு வந்து சேர்ந்தது. பழைய பொருள்கள் இன்னும் சாகவில்லை. 'ஹி வாஸ் டிரைடு ஃபார் மர்டர்' என்ற வாக்கியத்தை 'கொலை செய்ய முயன்றார்' என்று அவசரத்தில் தமிழாக்கிவிடுகிறவர் உண்டு. அந்த மனிதர் கொலை வழக்கில் விசாரிக்கப்பட்டார் என்பதே அதன் பொருள், அவர் குற்றமற்றவர் என்று விடுதலையாகியும் இருக்கலாம். ரக்பி ஆட்டத்தில் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துவதற்கும் 'டிரை' என்றே பெயர். இன்று ரக்பி யூனியனில் அதற்கு 5 புள்ளிகள். தொடக்க காலத்தில் அதற்குப் புள்ளியே கிடையாது. கோலை நோக்கி ஒரு முறை உதைத்துப் பார்க்கும் உரிமை மட்டுமே கிடைத்தது, பெயரும் அதிலிருந்து வந்தது. சோதித்துப் பார்ப்பது என்ற இந்த வாசனை சொல்லோடு ஒட்டியிருப்பதால்தான், காரியம் நடக்குமா நடக்காதா என்பதைப் பற்றி 'டிரை' எந்தப் பக்கமும் சாய்வதில்லை.

இந்த ஒரு வினைக்குள்ளேயே செய்ய வேண்டிய தேர்வு ஒன்று இருக்கிறது. 'டிரை டு ஓப்பன் த விண்டோ' என்பதும் 'டிரை ஓப்பனிங் த விண்டோ' என்பதும் ஒன்றல்ல. ஜன்னல் இறுகிக் கிடக்கிறது, திறக்குமா என்பதே ஐயம் என்றால் முதலாவது. ஜன்னல் எளிதாகத் திறக்கும், திறந்தால் அறையில் புழுக்கம் குறைகிறதா என்பதுதான் கேள்வி என்றால் இரண்டாவது. இலக்கணப் புத்தகங்கள் இதைப் பல பக்கங்களில் விளக்குகின்றன. தமிழருக்கு அவ்வளவு விளக்கம் வேண்டியதில்லை, ஏனென்றால் நம் மொழியே இந்த வேறுபாட்டை 'பார்' என்ற துணைவினையைக் கொண்டு மிகத் துல்லியமாகச் செய்கிறது. 'திறக்கப் பார்த்தேன்' என்றால் திறக்கவில்லை என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது. 'திறந்து பார்த்தேன்' என்றால் திறந்தது உறுதி, பலன் என்ன என்பதே பேச்சு. 'ஓடப் பார்த்தான்' என்ற திருடன் பிடிபட்டவன். 'ஓடிப் பார்த்தான்' என்ற மனிதன் உடம்பு இளைப்பதற்காக மைதானத்தைச் சுற்றியவன். செயவென் எச்சத்தோடு ('திறக்க', 'ஓட') வரும் 'பார்' ஆங்கிலத்தில் 'டு' என்பதாகவும், செய்தென் எச்சத்தோடு ('திறந்து', 'ஓடி') வரும் 'பார்' ஆங்கிலத்தில் 'இங்' என்பதாகவும் மாறும் என்று நினைவில் வைத்துக்கொண்டால், அநேகமாகப் பிழை நேராது. ஆங்கிலப் பாடத்தில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

'டிரை அண்ட் கம்' என்று எழுதலாமா, 'டிரை டு கம்' என்றே எழுத வேண்டுமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. முதலாவது பிழையன்று, 1926-இல் வெளியான தம் ஆங்கிலச் சொல்வழக்கு அகராதியில் அகராதியாசிரியர் ஃபவுலர் அதற்கு ஆதரவாகவே எழுதினார். ஆனால் அது பேச்சின் வழக்கு. 'டிரைடு', 'டிரையிங்' என்று வினை உருமாறினால் அந்த அமைப்பு நிற்காது. அலுவலகக் கடிதத்தில் 'டு' என்பதே நலம்.

வாக்குறுதி கொடுக்கும் இடத்தில் 'டிரை' வேறு விதமாக வேலை செய்கிறது. 'ஐ வில் டிரை' என்று ஒருவர் எழுதினால், அதை வாசிப்பவர் வராமல் போவதற்கான வழி திறந்து வைக்கப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வார். கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டு 'கண்டிப்பா வரப் பார்க்கிறேன்' என்று சொல்பவரின் குரலை நாம் எல்லோரும் அறிவோம். அந்த வழியை மூட எண்ணி நம்மவர்கள் 'லெவல் பெஸ்ட்' என்ற தொடரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அது பிழையன்று என்றாலும், நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் தேய்ந்து தேய்ந்து இப்போது அதில் எடையே மிஞ்சவில்லை. வருவது உறுதியென்றால் 'ஐ வில் கம்' என்று எழுதலாம். உறுதியில்லையென்றால் 'ஐ வில் டிரை' என்று மட்டும் எழுதிவிட்டு, தடையாக இருப்பது எது என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்வது மரியாதையானது.

'அட்டெம்ட்' என்ற சொல்லை 'டிரை' என்பதன் கோட்டு சூட்டு அணிந்த வடிவமாகப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம். 'ஐ அட்டெம்டெட் டு காண்டாக்ட் யூ' என்று எழுதினால் கம்பீரமாக இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. இச்சொல் முயற்சியை எண்ணக்கூடிய ஒரு தனி நிகழ்ச்சியாக நிறுத்திக் காட்டுகிறது. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, வெற்றி தோல்வி உண்டு, பெரும்பாலும் தோல்வி என்ற நிழலும் உண்டு. பளுதூக்கும் போட்டியில் ஸ்னாட்ச் பிரிவில் மூன்று, கிளீன் அண்ட் ஜெர்க் பிரிவில் மூன்று என்று ஒரு வீரருக்கு ஆறு அட்டெம்ட்கள் உண்டு. அங்கே வேறு சொல் பொருந்தாது. மலையேறிகள் சிகரத்தை எட்டாமல் திரும்பிய பயணங்களைக் குறிப்பதும் இச்சொல்லால்தான். செய்தித்தாளில் 'அட்டெம்டெட்' என்ற பெயரடையைப் பார்த்ததுமே, நடக்கவிருந்தது நடக்கவில்லை என்று வாசகர் முடிவுகட்டிவிடுகிறார்.

சட்டம் இதே பொருளை இன்னும் கூர்மையாக்குகிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 307-ஆவது பிரிவில் இருந்த கொலை முயற்சி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 109-ஆவது பிரிவாக இருக்கிறது. இரண்டிலும் ஆங்கிலச் சொல் 'அட்டெம்ட்' என்பதுதான். குற்றத்துக்கு ஆயத்தம் செய்வது எங்கே முடிகிறது, முயல்வது எங்கே தொடங்குகிறது என்பது பழைய கேள்வி. 1961-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்கு நல்ல விளக்கம். தாம் பட்டதாரி என்றும் ஆசிரியர் என்றும் பொய்யாகச் சொல்லி, பாட்னா பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. தேர்வைத் தனித்தேர்வராக எழுத ஒருவர் விண்ணப்பித்தார், அனுமதியும் கிடைத்தது, தேர்வுக்கு முன்பே குட்டு உடைந்தது. தேர்வெழுதாத நிலையில் இது வெறும் ஆயத்தமே என்று அவர் தரப்பு வாதிட்டது. விண்ணப்பத்தை அனுப்பிய கணத்திலேயே ஆயத்தம் முடிந்து ஏமாற்றும் முயற்சி தொடங்கிவிட்டது என்று நீதிமன்றம் சொன்னது. அவர் எழுத விரும்பிய தேர்வு ஆங்கில இலக்கியத்துக்கானது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது; 'அட்டெம்ட்' என்ற சொல்லின் எல்லையை அவர் பட்டம் வாங்காமலே நாட்டுக்கு விளக்கிவிட்டார்.

இதற்கு நேர்மாறான ஒரு கணக்கு குடிமைப் பணித் தேர்வில் இருக்கிறது. அங்கே விண்ணப்பம் போட்டுவிட்டுத் தேர்வுக்கூடத்துக்குப் போகாமல் இருந்தால் அது அட்டெம்ட் ஆகாது. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளை எழுதினாலே ஆகிவிடும். பொதுப் பிரிவினருக்கு ஆறு முறைதான் வாய்ப்பு என்பதால், 'இது எத்தனையாவது அட்டெம்ட்?' என்ற கேள்வி தமிழ் வீடுகளில் ஜாதகக் கேள்வி போல ஆகிவிட்டது. வினாத்தாளில் 'அட்டெம்ட் எனி ஃபைவ்' என்று இருப்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். தமிழ் வினாத்தாள் 'எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி' என்று கேட்கிறது. ஆங்கில வினாத்தாளோ, விடை சரியாக இருக்கும் என்று உறுதி சொல்லாமல், கை வைத்தால் போதும் என்கிறது. ஆக, எண்ணத்தக்க, முடிந்துபோன, பெரும்பாலும் நிறைவேறாத ஒரு செயலைக் குறிக்க வேண்டுமானால் 'அட்டெம்ட்' சரியான தேர்வு. 'உங்களை மூன்று முறை தொடர்புகொள்ள முயன்றோம், கிடைக்கவில்லை' என்று ஒரு வங்கி எழுதும்போது அது பொருந்துகிறது. 'எங்கள் நிறுவனம் தரமான சேவை வழங்க அட்டெம்ட் செய்கிறது' என்று எழுதினால், வாடிக்கையாளர் மனத்தில் எழும் படம் கீழே விழுந்த பளுவின் படமே.

'ஸ்டிரைவ்', 'என்டெவர்' இரண்டையும் ஒப்பிட இந்திய அரசமைப்புச் சட்டத்தைவிட நல்ல பாடநூல் கிடையாது. நான்காம் பாகமான வழிகாட்டு நெறிகளில் இந்த இரண்டு வினைகளும் மாறி மாறி வருகின்றன. மக்களின் நலத்தை வளர்க்க அரசு 'ஸ்டிரைவ்' செய்ய வேண்டும் என்கிறது 38-ஆவது உறுப்பு. பொது உரிமையியல் சட்டம் பற்றிய 44-ஆவது உறுப்பு, மதுவிலக்கு பற்றிய 47, 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியே வந்த சுற்றுச்சூழல் பற்றிய 48-ஏ ஆகிய எல்லாவற்றிலும் 'என்டெவர்' வருகிறது. இந்த நெறிகளை எந்த நீதிமன்றத்தின் வழியாகவும் வலியுறுத்திப் பெற முடியாது என்று 37-ஆவது உறுப்பு முன்பே சொல்லிவிடுகிறது. அதனால் வினைச்சொல் எதுவாயிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும்.

அரசியல் நிர்ணய சபையிலேயே அந்தக் கேள்வி எழுந்தது. வரைவில் 30-ஆக இருந்து பின்னர் 38-ஆன உறுப்பின் மீது 1948 நவம்பர் 19 அன்று விவாதம் நடந்தபோது, 'ஸ்டிரைவ்' என்ற சொல் தேவைதானா என்ற ஐயத்துக்கு அம்பேத்கர் விடை சொன்னார். அந்தச் சொல் மிக முக்கியமானது என்றும், நெறிகளைச் செயல்படுத்த முடியாதபடி சூழ்நிலை குறுக்கே நின்றாலும், எவ்வளவு கடினமான, சாதகமற்ற நிலையிலும், அரசு இடைவிடாமல் அதை நோக்கிப் பாடுபட வேண்டும் என்பதற்காகவே அதைப் பயன்படுத்தினோம் என்றும் அவர் விளக்கினார். இந்தச் சொல்லுக்கு இதைவிடச் செறிவான விளக்கத்தை அகராதிகளிலும் நான் பார்த்ததில்லை. 'ஸ்டிரைவ்' பழைய பிரெஞ்சில் சண்டையிடுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. எதிர்ப்பும் நீண்ட காலமும் அதன் உடன்பிறப்புகள். ஒரே ஒரு செயலுக்கு அது பொருந்தாது. கதவைத் திறக்க 'ஸ்டிரைவ்' செய்தேன் என்றால் வாசகர் சிரிப்பார். நாற்பது ஆண்டுகள் ஒரு கொள்கைக்காக 'ஸ்டிரைவ்' செய்தார் என்றால் தலை வணங்குவார். அடிப்படைக் கடமைகளில் ஒன்றாக, எல்லாத் துறைகளிலும் மேன்மையை நோக்கிப் பாடுபட வேண்டும் என்று 51-ஏ உறுப்பு சொல்லும் இடத்தில் இதே வினை 'டுவர்ட்ஸ்' என்ற சொல்லோடு வருவதும் தற்செயலன்று. மேன்மை என்பது போய்ச் சேர்ந்து இளைப்பாறும் ஊரில்லை. வழி மட்டுமே உண்டு.

'என்டெவர்' குணத்தால் வேறு. அதனுள்ளே இருப்பது பிரெஞ்சில் கடமையைக் குறிக்கும் சொல். தன்னைக் கடமைக்கு உட்படுத்திக்கொள்வது என்பதே அதன் வேர்ப்பொருள். ஆகவே அது ஒரு குறிப்பிட்ட இலக்கை நோக்கி, பொறுப்போடு, வேண்டிய நடவடிக்கைகளை எடுப்பதைச் சொல்கிறது. 1978-இல் 44-ஆவது திருத்தம் 38-ஆவது உறுப்பில் சேர்த்த இரண்டாம் கூறில் இரு வினைகளும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வருகின்றன: வருமான ஏற்றத்தாழ்வுகளைக் குறைக்க அரசு 'ஸ்டிரைவ்' செய்ய வேண்டும், தகுநிலை, வசதிகள், வாய்ப்புகள் ஆகியவற்றில் உள்ள ஏற்றத்தாழ்வுகளை ஒழிக்க 'என்டெவர்' செய்ய வேண்டும். வரைந்தவர்கள் ஒரே சொல் இரண்டு முறை வரக் கூடாது என்பதற்காக மட்டுமே இப்படி எழுதியிருக்கலாம். ஆனாலும் வாசிக்கையில் பொருத்தமாகவே படுகிறது. வருமான வேறுபாட்டைக் குறைத்துக்கொண்டே இருக்கத்தான் முடியும், தகுநிலை வேறுபாட்டையோ சட்டமும் நிர்வாகமும் கொண்டு இல்லாமல் ஆக்க முடியும் என்று எண்ண இடமிருக்கிறது.

'என்டெவர்' எவ்வளவு மெல்லிய வாக்குறுதி என்பதைக் கல்வி பற்றிய உறுப்புகள் காட்டிக்கொடுக்கின்றன. 1950-இல் இருந்த 45-ஆவது உறுப்பு, பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்து ஆண்டுகளுக்குள் வழங்க அரசு 'என்டெவர்' செய்யும் என்றது. 1960 வந்தது, போனது. 2002-இல் 86-ஆவது திருத்தம் 21-ஏ என்ற புதிய உறுப்பை அடிப்படை உரிமைகளில் சேர்த்தபோது, ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு அரசு கல்வியை வழங்கும் என்று நேரடியாக எழுதப்பட்டது. நடுவே இருந்த வினை நீக்கப்பட்டது. அது கல்வி உரிமைச் சட்டத்தோடு 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நீக்கப்பட்ட வினை எங்கும் போய்விடவில்லை: மாற்றி எழுதப்பட்ட 45-ஆவது உறுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு இன்றும் 'என்டெவர்' மட்டுமே செய்கிறது. ஆறு வயது நிரம்பிய குழந்தைக்கு உரிமையாக இருப்பது ஐந்து வயதுக் குழந்தைக்கு முயற்சியாக இருக்கிறது.

இதைப் படித்த பிறகு 'என்டெவர்' என்பது சும்மா அலங்காரச் சொல் என்று முடிவுகட்டி, ஒப்பந்தங்களில் தாராளமாக அள்ளித் தெளிப்பவர்கள் வேறொரு குழியில் விழுகிறார்கள். அரசின் கொள்கை அறிக்கையில் மென்மையாக இருக்கும் அதே சொல், இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் எழுதப்படும் வணிக ஒப்பந்தத்தில் பல் முளைத்துவிடுகிறது. அங்கே அது பெயர்ச்சொல்லாகி, 'பெஸ்ட்', 'ஆல் ரீசனபிள்', 'ரீசனபிள்' என்ற மூன்று அடைமொழிகளோடு வருகிறது. 'பெஸ்ட் என்டெவர்ஸ்' என்றால் சொல் சொல்வதுதான் பொருள், இரண்டாந்தர முயற்சி அன்று என்று 1911-இல் ஷெஃபீல்டு மாவட்ட ரயில்வே நிறுவனத்தின் வழக்கிலேயே சொல்லப்பட்டுவிட்டது. 2007-இல் ரோடியா நிறுவனத்துக்கும் ஹன்ட்ஸ்மன் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில், 'ரீசனபிள்' என்றால் நியாயமான வழிகளில் ஒன்றைக் கையாண்டால் போதும் என்றும், 'பெஸ்ட்' என்றால் நியாயமான எல்லா வழிகளையும் கையாள வேண்டும் என்றும் நீதிபதி பிரித்துக் காட்டினார்.

இந்தச் சொல்லுக்குப் பணம் கொடுக்க நேர்ந்தது இங்கிலாந்தின் பிளாக்பூல் விமான நிலையத்துக்கு. குறைந்த கட்டண விமான நிறுவனமான ஜெட்2-உடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அந்நிறுவனத்தின் சேவையை வளர்க்க 'பெஸ்ட் என்டெவர்ஸ்' செய்வதாக நிலையம் ஒப்புக்கொண்டிருந்தது. 2010-இல், காலை ஏழு மணிக்கு முன்பும் இரவு ஒன்பது மணிக்குப் பின்பும் விமானங்களைக் கையாள முடியாது, நட்டமாகிறது என்று அது அறிவித்தது. நட்டம் வந்தாலும் வழக்கமான நேரத்துக்கு அப்பால் நிலையத்தைத் திறந்துவைக்கக் கடமை உண்டு என்று 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. 'டிரை' என்று எழுதியிருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

மறுபக்கமும் உண்டு. ஆர்டிஐ என்ற நிறுவனத்துக்காக கினியிலிருந்து உக்ரைனுக்கு பாக்சைட் ஏற்றிச் செல்ல எம்யுஆர் என்ற டச்சுக் கப்பல் நிறுவனம் 2016-இல் ஒப்பந்தம் செய்திருந்தது. கட்டணம் அமெரிக்க டாலரில். 2018-இல் ஆர்டிஐயின் தாய் நிறுவனத்தின் மீது அமெரிக்கா தடை விதித்ததும், டாலரில் பணம் வாங்குவது சிக்கலாகும் என்று கப்பல் நிறுவனம் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. யூரோவில் தருகிறோம், மாற்றுச் செலவையும் நாங்களே ஏற்கிறோம் என்று எதிர்த்தரப்பு சொன்னது; குறுக்கே வரும் தடையைக் கடக்க 'ரீசனபிள் என்டெவர்ஸ்' செய்ய வேண்டும் என்ற கடமை ஒப்பந்தத்தில் இருக்கும்போது அதை மறுக்கலாமா என்பதே வழக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆர்டிஐ பக்கம் நின்றது. 2024-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஒப்பந்தத்தில் இல்லாத வகையில் நிறைவேற்றுவதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற அளவுக்கு அந்தச் சொல் நீளாது என்றது. ஒரே சொல்லுக்கு மூன்று படி நீதிமன்றங்கள் ஏறி இறங்கிய இந்தக் கதையைப் படித்துவிட்டு, சிறு தொழில் நடத்தும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒப்பந்தத்தில் முயற்சியை எழுதாதீர்கள், செய்யப்போகும் செயல்களை எழுதுங்கள். எத்தனை நாளுக்குள் நினைவூட்டல் அனுப்புவீர்கள், எவ்வளவு வரை செலவு ஏற்பீர்கள் என்று எண்ணிட்டுச் சொன்னால் அடைமொழிக்கு வேலையில்லை.

அமெரிக்கர்கள் இதே இடத்தில் 'பெஸ்ட் எஃபர்ட்ஸ்' என்பார்கள். துறைக்குத் துறை அதன் எடை மாறுவது வேடிக்கை. பங்கு வெளியீட்டில் ஒரு வங்கி 'பெஸ்ட் எஃபர்ட்ஸ்' முறையில் விற்பதாக ஒப்புக்கொண்டால், விற்காமல் மிஞ்சும் பங்குகளை அது வாங்கிக்கொள்ளாது என்று பொருள். இணையத்தின் அடிப்படையான ஐபி நெறிமுறை 'பெஸ்ட் எஃபர்ட்' முறையில் இயங்குகிறது என்று பொறியாளர்கள் சொன்னால், தகவல் பொட்டலம் போய்ச் சேரும் என்று உத்தரவாதம் இல்லை என்று பொருள். வழக்கறிஞர் காதில் கனமாக விழும் தொடர் பொறியாளர் காதில் கைவிரிப்பாக விழுகிறது.

'எஃபர்ட்' பற்றி நம்மவர்களுக்கு வேறொரு எச்சரிக்கையும் உண்டு. தமிழில் 'முயற்சி எடுத்து' என்று சொல்லிப் பழகியதால், ஆங்கிலத்திலும் 'டேக் எஃபர்ட்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். ஆள் எழுவாயாக இருந்தால் 'மேக்' என்பதே வழக்கு. காரியம் எழுவாயாக வந்து, 'இது நிறைய உழைப்பை வாங்கும்' என்ற பொருளில் மட்டும் 'டேக்' வரும். அத்துடன், ஒருவரைப் பார்த்து 'மேக் அன் எஃபர்ட்' என்று சொன்னால் அதில் ஒரு கண்டிப்பு ஒளிந்திருக்கிறது. இதுவரை அவர் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிறது. மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் அது வேண்டாம்.

'ஸ்டிரகிள்' என்ற சொல்லில் தமிழர் ஏமாறுவது அதிகம். நமக்குப் 'போராடினேன்' என்பது பெருமை. வேலைக்கான விண்ணப்பத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் 'ஸ்டிரகிள்' செய்தேன் என்று எழுதுபவர் தம் விடாமுயற்சியைச் சொல்வதாக நினைக்கிறார். வாசிப்பவர், இவர் அந்த வேலையில் திணறியவர் என்று குறித்துக்கொள்கிறார். விடுதலைப் போராட்டம் போல எதிரே ஒரு சக்தி நிற்கும் இடத்தில், பெயர்ச்சொல்லாக, அதற்கு இன்றும் பழைய மதிப்பு உண்டு. தன்னைப் பற்றி எழுதும்போது அதைத் தவிர்ப்பதே நல்லது. 'சீக்' என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வேட்டின் முன்னுரையிலும் மனுக்களிலும் அது அளவாகப் பொருந்தும், நேரில் பேசினால் நாடக வசனம் போல ஒலிக்கும். ஆய்வேட்டில் 'அட்டெம்ட்' என்று எழுதி அடக்கம் காட்டுவோரும் உண்டு. தேர்வாளர் கையில் தோல்வியின் வாசனையோடு ஏட்டைக் கொடுப்பானேன் என்று நான் அதை 'சீக்' என்று மாற்றிவிடுவேன்.

அண்மையில் ஓர் அச்சகத்துக்காரர் தம் வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். மாதம் பதினைந்தாம் தேதிக்குள் அழைப்பிதழ்களை ஒப்படைக்க 'ஷால் ஸ்டிரைவ் அண்ட் என்டெவர்' என்று எழுதியிருந்தார். முடியுமா என்று கேட்டேன். காகிதம் வந்துவிட்டது, முடியும் என்றார். அப்படியானால் முயற்சி என்ற பேச்சே வேண்டாம், கட்டாயம் செய்வேன் என்று பொறுப்பேற்கும் 'அண்டர்டேக்' என்ற வினை இருக்கிறது, அல்லது வெறுமனே 'வில் டெலிவர்' போதும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அதையும் அப்படியே எழுதச் சொன்னேன்: பதினைந்தாம் தேதிக்குள் தருகிறோம், மின்வெட்டு எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் பதினேழாம் தேதி. கடிதம் இரண்டு வரியில் முடிந்தது. ஆனால் 'என்டெவர்' போய்விட்டதே என்று அவர் முகம் வாடியது.

அவரைப் போல எப்படியும் அந்தச் சொல்லைப் போட்டே தீருவேன் என்பவர்கள் எழுத்துக்கூட்டலையாவது கவனிக்கலாம். நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் கடைசி அசையில் 'யு' என்ற எழுத்து உண்டு. அமெரிக்க முறையில் இல்லை. அமெரிக்காவின் விண்வெளி ஓடமான என்டெவருக்கு, 1768-இல் கேப்டன் குக் புறப்பட்ட கப்பலின் நினைவாக, பள்ளி மாணவர்களுக்கு நடத்திய போட்டியின் வழியே அந்தப் பெயர் தேர்வானது. கப்பல் பிரிட்டிஷ் கப்பல் என்பதால் 'யு' எழுத்தும் கூடவே வந்தது. 2007-இல் ஓடம் ஏவுதளத்துக்கு வந்தபோது, அதை வாழ்த்தி நாசா கட்டியிருந்த பெரிய பதாகையில் அந்த எழுத்து விடுபட்டிருந்தது. வேறு பதாகை கட்டினார்கள்.